மணக்கும் தரையும் இரைக்கும் நெஞ்சும்

1889-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபோது, அதன் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தலைமைத் தாதியாக வந்து சேர்ந்தவர் கரோலைன் ஹாம்டன் என்ற பெண்மணி. புண்களைச் சீழ்பிடிக்கச் செய்பவை கிருமிகளே என்ற உண்மை வைத்திய உலகத்தில் வேரூன்றிவிட்ட காலம் அது. ஆதலால் கத்தியும் கையும் கட்டுத்துணியும் பாதரசக் குளோரைடிலும் கார்பாலிக் அமிலத்திலும் நாள்தோறும் தோய்ந்தெழுந்தன. அந்தத் திரவங்கள் கிருமிகளைக் கொன்றதோடு நில்லாமல், அவற்றில் ஓயாது புழங்கிய அந்தத் தாதியின் கைகளையும் அரித்துப் புண்ணாக்கிவிட்டன. அவருடைய திறமையை நன்கு அறிந்திருந்த தலைமைச் சத்திர வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட், இதைக் கண்டு பொறாதவராய், குட்இயர் ரப்பர் கம்பெனியாரிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் இரண்டு ஜோடி செய்வித்துக் கொடுத்தார். மறு ஆண்டில் அவ்விருவரும் மணம் செய்துகொண்டமையால், இதைக் காதல் கதையாகச் சொல்வோரே அதிகம். ஆயினும் இன்று உலகமெங்கும் நோயாளியைக் காப்பதற்காகவும் அணியப்படுகிற அந்தக் கையுறை, கிருமிநாசினியிடமிருந்து ஒரு தொழிலாளியின் கையைக் காப்பதற்காகவே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் புகுந்தது என்பதுதான் இக்கதையில் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி.

அழுக்கைப் போக்கும் பொருள், அதைக் கையாளுபவரின் உடலுக்கும் தீங்கு செய்யும் என்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அன்று. கிருமிநாசினி பிறந்த தலைமுறையிலேயே அறியப்பட்ட விஷயம். பரிகாரமும் அப்போதே தோன்றிவிட்டது. அந்தப் பரிகாரம் தோன்றியதற்குக் காரணம், புண்ணான அந்தக் கைகளைப் பார்ப்பதற்கு அருகிலேயே இரண்டு கண்கள் இருந்தமைதான். நம்முடைய ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பஸ் நிலையக் கழிப்பறைகளிலும் கண்ணாடி மாளிகை போன்ற அலுவலகங்களிலும் விடியுமுன்னே வந்து துடைத்துக் கழுவிவிட்டுப் போகிற தூய்மைப் பணியாளர்களின் கைகளையும் மார்பையும் பார்க்கும் கண்கள் எத்தனை?

நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் சில இரவுகள் நான் தங்க நேர்ந்தது. அதிகாலை நான்கரை மணிக்கெல்லாம் வராந்தாவைத் துடைக்க வருகிற அம்மாள் ஒருவர், வாளியையும் மாப்பையும் வைத்துவிட்டுச் சுவரில் கையூன்றி இருமி முடித்த பிறகே வேலையைத் தொடங்குவார். மேற்பார்வையாளர் ஒருநாள் அந்த வழியாக வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வாசனையே வரலையே, இன்னும் ரெண்டு மூடி ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பின்பு நான் விசாரித்தேன். "முன்னெல்லாம் மூணு மாடியும் ஏறி இறங்குவேங்க. இப்போ ஒரு மாடி ஏறினாலே இரைக்குது. பிளீச்சிங் போட்ட அன்னைக்கு ராத்திரி படுக்கவே முடியறதில்லீங்க" என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. வயதானால் நரை விழுவது போல, இந்த வேலைக்கு வந்தால் இரைப்பு வரும் என்று அவர் சமாதானம் அடைந்திருந்தார். அந்தச் சமாதானமே என்னை வருத்துகிறது.

மேற்பார்வையாளர் தீயவர் அல்லர். நம் அனைவருடைய மனத்திலும் ஊறிப்போன ஒரு மயக்கத்தைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தால்தான் தரை துடைக்கப்பட்டது என்று நாம் நம்புகிறோம். கழிப்பறையில் கண் எரிந்தால்தான் அது கழுவப்பட்டது என்று திருப்தி அடைகிறோம். நெடி என்பது என்ன? தரையில் இருக்க வேண்டிய ரசாயனம் காற்றில் கலந்து நம்முடைய சுவாசத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறியே அல்லவா? தூய்மைக்கென்று ஒரு மணமும் கிடையாது. அரை நிமிஷம் அதைக் கடந்து போகிற நமக்கு அது வாசனையாகத் தோன்றலாம். எட்டு மணி நேரம் அதற்குள்ளேயே குனிந்து நிமிர்கிறவருக்கு அது அன்றாடம் அளந்து கொடுக்கப்படுகிற விஷம்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று என்பதற்கு ஆராய்ச்சிகள் சான்று கூறுகின்றன. நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஐரோப்பாவில் 6,235 பேரை இருபது ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து அவர்களுடைய மூச்சின் வலிமையை அளந்து, அதன் முடிவை 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வயது ஏற ஏற எல்லாருக்கும் நுரையீரலின் ஆற்றல் குறைவது இயற்கைதான். ஆனால் துப்புரவுத் தொழில் செய்த பெண்களுக்கு அது விரைவாகக் குறைந்திருந்தது. ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவில், சுத்தம் செய்யும் வேலையில் ஈடுபடாத பெண்களைக் காட்டிலும் அவர்கள் ஆண்டுதோறும் 3.9 மில்லிலிட்டர் அதிகமாக இழந்திருந்தார்கள். சொந்த வீட்டை மட்டும் சுத்தம் செய்த பெண்களுக்கும் 3.6 மில்லிலிட்டர் இழப்பு. எண்ணைப் பார்த்தால் சிறிது. ஆனால் ஆண்டுகள் சேரச் சேர, பத்திலிருந்து இருபது வருஷம் வரை நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தால் ஏற்படும் சேதத்தோடு அதை ஒப்பிட்டார்கள் அந்த ஆராய்ச்சியாளர்கள். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டறியாத பெண்ணொருத்தி, புகைபிடிப்பவனின் நுரையீரலைச் சம்பளத்தோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கிறாள் என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

அமெரிக்காவில் 73,262 தாதியரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. கருவிகளையும் தரையையும் மேசையையும் கிருமிநாசினியால் வாரந்தோறும் சுத்தம் செய்தவர்களுக்கு, மூச்சுக்குழாய்களைப் படிப்படியாக அடைத்துவிடும் நாட்பட்ட நுரையீரல் நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 38 சதவீதம் வரை அதிகமாயிருந்தது. இத்தகைய ஆராய்ச்சிகள் ஒரு தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, ஒவ்வொருவருடைய நோய்க்கும் காரணம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஆயினும் வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு தொழில் செய்பவர்களிடம், ஒரே திசையைக் காட்டும் முடிவுகள் வரும்போது, இன்னும் நிச்சயமாகட்டும் என்று காத்திருப்பது விவேகம் ஆகாது.

நீண்டகாலச் சேதம் ஒரு புறம் இருக்க, ஒரே கணத்தில் நேரும் விபத்தும் உண்டு. பிளீச்சிங் பவுடரைத் தூவிய கழிப்பறையில், கறை போகவில்லையே என்று ஆசிட்டையும் ஊற்றினால், அந்த இரண்டும் கலந்த இடத்தில் குளோரின் வாயு பொங்கி எழுகிறது. முதல் உலக யுத்தத்தில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தை ஒட்டிய போர்முனையில் சிப்பாய்களைக் கொல்வதற்காகத் திறந்துவிடப்பட்ட வாயுவும் இதுவேதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானதாகையால் அது மேலே போகாமல் தரையை ஒட்டியே தங்கும்; தரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு தேய்ப்பவரோ அந்தத் தொழிலாளி. சிறுநீர் தேங்கிக் கிடக்கும் பொதுக் கழிப்பறையில் பிளீச்சிங்கை அள்ளிக் கொட்டினால், சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்து குளோராமின் என்ற வேறொரு வாயு உண்டாகிறது. அதுவும் கண்ணையும் தொண்டையையும் நெஞ்சையும் எரிக்கும். ஆசிட்டோ, பெயர்ச்சீட்டு இல்லாத பழைய தண்ணீர்ப் பாட்டிலில் வருகிறது. எதை எதனோடு கலக்கக் கூடாது என்று அந்தத் தொழிலாளிக்கு யாரும் ஒருமுறைகூடச் சொல்லித் தந்ததில்லை.

கொட்டுவதைக் காட்டிலும் தெளிப்பது அபாயகரமானது. ஏனெனில் தெளிக்கும்போது திரவம் நுண்துளிகளாகி நேராக மூச்சோடு உள்ளே போகிறது. கிருமிநாச முறையின் தந்தை என்று போற்றப்படும் ஜோசப் லிஸ்டர், சத்திரசிகிச்சை நடக்கும் அறையில் கார்பாலிக் அமிலத்தைப் புகைபோலத் தெளிக்கும் வழக்கத்தை 1870-களில் புகுத்தினார். அதனால் வைத்தியர்களின் கைகளும் மூச்சும் பட்ட பாடு அதிகம். காற்றில் தெளிப்பதால் பயன் ஏதும் இல்லை என்று உணர்ந்ததும் அதைக் கைவிட்டு, 1890-இல் பெர்லினில் கூடிய வைத்தியர் மாநாட்டில், அதைச் சிபாரிசு செய்ததற்காகத் தாம் வெட்கப்படுவதாகப் பகிரங்கமாகவே சொன்னார் அந்தப் பெருந்தகை. அவர் கற்றுத் தந்த பாடத்தை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் மறந்துவிட்டோம். கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் மாத இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள்மீது கிருமிநாசினியைப் பீச்சி அடித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே நம் திருப்பூரில் சந்தைக்குள் வருபவர்கள் நடந்து செல்வதற்கென்று கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டு, வேறு ஊர்களுக்கும் அது பரவியது. மனிதர்மீது கிருமிநாசினி தெளிப்பது உடலுக்கும் மனத்துக்கும் தீங்கானது என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18-இல் அறிவுறுத்திய பிறகே அந்த உற்சாகம் தணிந்தது. அச்சத்தில் நாம் செய்த பிழை அது. ஆனால் சுரங்கத்தைக் கடந்து போனவருக்கு ஒரு கணம் நேர்ந்தது, தோளில் டாங்கியைச் சுமந்து தெருத்தெருவாகத் தெளித்த பணியாளருக்கு மாதக்கணக்கில் நேர்ந்ததே, அவர்களைப் பற்றி அப்போது யார் பேசினோம்?

கிருமிநாசினியே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம் அன்று. 1847-இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று விதித்ததனால் எத்தனையோ தாய்மார்கள் உயிர் பிழைத்தார்கள் என்பது சரித்திரம். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் பிரசவ அறைக்கும் தொற்றுநோய் விடுதிக்கும் கிருமிநாசினி அத்தியாவசியம். ஆனால் ஓர் அலுவலகத்தின் வரவேற்பறைக்கும் பள்ளிக்கூட வராந்தாவுக்கும் சோப்பும் தண்ணீரும் போதும். இன்னொன்றும் உண்டு: அழுக்கும் சளியும் இரத்தமும் படிந்த இடத்தில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அதன் வீரியம் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடுகிறது. முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு அளவாகக் கலந்த கரைசலைத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டால் குறைந்த மருந்திலேயே நிறைந்த பலன் கிடைக்கும். பொறுமை இல்லாத இடத்தில்தான் மருந்தின் அளவு கூடுகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை அரியவை அல்ல. தேவையில்லாத இடத்தில் கிருமிநாசினியை நிறுத்துவது முதலாவது; தெளிப்பானை விடுத்துத் துணியில் ஊற்றித் துடைப்பது இரண்டாவது; கைக்கணக்கில் ஊற்றாமல் அளவு மூடியால் அளந்து, குளிர்ந்த நீரில், அன்றன்று கலப்பது மூன்றாவது; வேலை நடக்கும்போது கதவையும் ஜன்னலையும் திறந்துவைப்பது நான்காவது. கையுறையும் கண்ணாடியும் இவற்றுக்கெல்லாம் பிற்பாடு வருபவை. சாதாரணத் துணி முகக்கவசம் எந்த வாயுவையும் தடுக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; அதைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எந்த நிர்வாகமும் எண்ணிவிடலாகாது. இவ்வளவோடு, புட்டியில் என்ன இருக்கிறது, எதனோடு கலக்கக் கூடாது என்பது தமிழிலும் படத்திலும் அச்சாகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், சுத்திகரிப்புப் பொருள்களில் அடங்கியவற்றைத் தயாரிப்பாளர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்று 2017-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. நம் நாட்டிலும் அது இயலாத காரியமா?

தொழிலால் வரும் ஆஸ்துமா நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் வேலையில் சேர்ந்த நாளில் ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கொருமுறையும் மூச்சை அளந்து பதிவு செய்யாதவரை, இந்த இரைப்பு இந்த வேலையால் வந்தது என்று அந்த ஏழை எப்படி நிரூபிப்பார்? காண்டிராக்ட்காரர் ஆண்டுக்காண்டு மாறுகிறார். தொழிலாளியின் மார்பு மாறுவதில்லை. ஆதலால் இந்தப் பொறுப்பைக் காண்டிராக்ட்காரரின் தலையில் கட்டிவிடாமல், கட்டடத்துக்குச் சொந்தமான நிர்வாகமே ஏற்க வேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு, என்ன பாதுகாப்பு என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

சர்க்காரும் நிர்வாகமும் செய்ய வேண்டியவை இவை. நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. துடைத்த தரையில் வாசனை வரவில்லை என்று குறை சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் கேட்பது முதலாளிக்காக. முதலாளி கேட்பது வந்துபோகிற நமக்காக. அந்த இரண்டு மூடிகளை ஊற்றச் சொன்னவர்கள், ஆராய்ந்து பார்த்தால், நாம்தான். பால்டிமோரில் ஒரு வைத்தியர் தம் அருகில் நின்றவரின் கைகளைப் பார்த்தார்; ஒரு நல்ல வழக்கம் உலகத்துக்குக் கிடைத்தது. நம் அருகிலும் ஒருவர் வாளியோடு நிற்கிறார். அவருடைய இருமல் நம் காதில் விழும் தூரத்தில்தான் இருக்கிறது.