விரைவும் வாழ்நாளும்

பொறிகளை அவற்றுக்கு விதித்த விரைவினும் மிகுதியாக ஓட்டிப் பார்க்கும் வேட்கை மாந்தர்க்குப் புதியதன்று. வண்டி மாட்டை வாலை முறுக்கி ஓட்டியவனுக்கும் அஃது இருந்தது. இன்று அவ்வேட்கை கணிப்பொறியினுள்ளும் புகுந்துவிட்டது. கணிப்பொறியின் மூளையென விளங்கும் பிராசசர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்தே இயங்குவது. செய்தவர் வரையறுத்த துடிப்பினும் மிகுதியாக அதனைத் துடிக்கச் செய்தலையே ஓவர்க்ளாக்கிங் என்பர். பல்லாண்டு உழைக்கவேண்டிய கணிப்பொறியில் இது தகுமோ, தகுமாயின் எத்துணையளவு தகும் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

1998ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ என்னும் பிராசசர் இதற்குப் புகழ்பெற்ற சான்று. தாய்ப்பலகையில் 66 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்ததை 100 ஆக மாற்றிய அளவிலே அதன் விரைவு 300இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. எளிய விலைப்பொருள் உயர்ந்த விலைப்பொருளின் பணியைச் செய்தது. அவ்வெற்றியின் நினைவே இன்றும் பலர் நெஞ்சில் ஆசையை மூட்டுகின்றது. ஆயின், இக்காலப் பிராசசர்கள் தம் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் தாமே அளந்தறிந்து, இடமுள்ள மட்டும் தாமே விரைகின்றன. நமக்கென விடப்பட்ட மிச்சம் சிறிதே. அச்சிறு மிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை யாது?

அவ்விலை பெரிதும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. துடிப்பைக் கூட்டினால், இயக்கத்திற்குச் செலவாகும் மின்திறன் அதே விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்தினால் மின்திறன் ஏறக்குறைய 33 விழுக்காடு உயரும். பெறும் விரைவோ பத்து விழுக்காட்டுக்கு மேற்படாது. எஞ்சியதெல்லாம் வெப்பமே. பிராசசரினுள் ஓடும் நுண்ணிய உலோக இழைகளில், மின்னோட்டத்தால் தள்ளுண்ட அணுக்கள், ஆற்றுநீரால் அரிப்புண்ட கரைமண் போலச் சிறிது சிறிதாக இடம்பெயர்கின்றன. மின்னோட்டம் செறியுந்தோறும் வெப்பம் ஏறுந்தோறும் இழையின் ஆயுள் குன்றும் என்பதை ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் 1960களின் இறுதியிலேயே ஒரு சமன்பாட்டால் விளக்கினார்.

இஃது ஏட்டளவிலான அச்சம் என்று கருதற்க. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்கள் பல நிலைகுலைந்தன. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தமே அதற்குக் காரணம் என்று 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே அறிவித்தது, திருத்தமும் வெளியிட்டது, உத்தரவாதக் காலத்தை ஈராண்டு நீட்டியும் தந்தது. ஆயினும் முன்னரே பழுதுற்றவற்றை அத்திருத்தம் மீட்கவில்லை. உடையவர் யாதொரு மாற்றமும் செய்யாதவிடத்தே இந்நிலையெனின், நாமே வலிந்து மின்னழுத்தத்தை ஏற்றுவது எத்தகைத்து!

‘கணிப்பொறி நின்றால் மீண்டும் இயக்கிக்கொள்வோம்’ என்பர் சிலர். நிற்றல் பெருங்கேடன்று, நில்லாது பிழை செய்தலே பெருங்கேடு. எல்லை கடந்து ஓடும் பிராசசர் சிற்சில வேளை தவறான விடையைத் தந்துவிட்டு, ஒன்றும் நேராதது போல மேலே செல்லும். ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓரிடத்துத் தவறினால் அதன் வழிவந்த படிகளெல்லாம் தவறுதல் போல, பழுதுற்ற கோப்பின் படிகளும் பழுதுற்றனவே. ஈராண்டு உழைத்த ஆய்வேட்டை அவ்வாறு இழந்தபின் வருந்திப் பயனென்?

அங்ஙனமாயின் தொடவே கூடாதோ எனின், அதுவும் என் கருத்தன்று. பொறியை அறிந்து ஆள்வது கல்வியே. மேசைக் கணிப்பொறியில், அதற்கு இடந்தரும் பிராசசராயின், மின்னழுத்தத்தை உயர்த்தாது துடிப்பை மட்டும் நூறு நூறு மெகாஹெர்ட்ஸாக ஏற்றுக. ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற சோதனையைப் பல மணிநேரம் நடத்துக. பிழை தோன்றிய படியிலிருந்து இரண்டு படி இறங்கி நிற்க. பல பிராசசர்கள் 95 அல்லது 100 பாகை செல்சியசில் தம் விரைவைத் தாமே குறைத்துக்கொள்ளும். அஃது ஆபத்தைத் தடுக்கும் வேலி. அன்றாடம் குடியிருக்கும் இடமன்று. கடும்பணியிலும் 80 பாகைக்குள் நிற்பதே நலம். ஏஎம்டி ரைசன் போன்றவற்றில் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தாலே வெப்பம் தணிந்து, அவ்விடைவெளியில் விரைவு தானே கூடுதலும் உண்டு. அவ்வழியே எனக்கு உடன்பாடு. அதற்கும் முற்கூறிய சோதனை வேண்டும்.

மற்றொன்று நம் நாட்டார் மறத்தலாகாது. விசிறிக் காற்றால் குளிரும் பொறி, அறையின் வெப்பத்தினும் கீழே குளிராது. மார்கழியில் 24 பாகையுள்ள அறை சித்திரையில் 38 ஆனால், பிராசசரின் வெப்பமும் ஏறக்குறைய 14 பாகை உயரும். ஆதலின் மார்கழி இரவில் தேறிய அளவை நம்பாது, சித்திரை நண்பகலில் மீண்டும் சோதித்தே முடிவு செய்க. விசிறியின் தூசியை அவ்வப்போது நீக்குக. மடிக்கணினியில் இம்முயற்சியே வேண்டா; அதன் சிறு விசிறிக்கு உள்ள சுமையே போதும்.

நண்பர்காள்! நம்மிற் பலர்க்குக் கணிப்பொறி பெற்றோர் கடன்பட்டு வாங்கித் தந்த பொருள். ஒரு நாழிகை விளையாட்டில் பிறரை வெல்வதற்காக அதனை வருத்தாது, பட்டம் பெறும் நாள்வரையும் அதற்கு அப்பாலும் பிழையின்றி உழைக்குமாறு பேணுவதே நம் கடமையாகும்.