வெந்நீர் யந்திரமும் வீட்டாரின் பொறுப்பும்

கார்த்திகைத் தீபத்தின்போதும் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து, 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். நடந்து களைத்து விடுதிக்குத் திரும்பும் யாத்ரிகர் முதலில் தேடுவது வெந்நீர். ஊரார் வீடுகளிலும் அடுப்பு மூட்டித் தவலையில் நீர் காய்ச்சும் வழக்கம் பெரிதும் குறைந்து, குளியலறைச் சுவரில் மின்சார வெந்நீர் யந்திரம் இடம்பெற்றுவிட்டது. புகையில் கண் கலங்கி நின்ற பெண்மக்களுக்கு இது பெரிய விமோசனம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தவலையை நாள்தோறும் துலக்கி வைத்த அதே குடும்பத்தில், யந்திரத்தைச் சுவரில் மாட்டிய தினம் முதல் அது கெட்டுப்போகும் தினம் வரையில் அதைத் திறந்து பார்ப்பாரில்லை. இந்த அலட்சியம் பணத்தோடு போவதன்று. உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

திருவண்ணாமலைக்குச் சாத்தனூர் அணையின் தென்பெண்ணை நீர் வருகிறதெனினும், குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளும் விடுதிகளும் பல. பாறைப் பூமியில் ஊறும் நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருப்பது சகஜம். அத்தகைய நீர் காய்ந்ததும் அச்சத்து பிரிந்து வெண்கல்லாகப் படிகிறது. தவலையின் அடியில் இதைக் கண்டால் புளியிட்டுத் தேய்த்துவிடுவார்கள். யந்திரத்தினுள்ளோ இது கண்ணுக்குப் புலப்படாமல் சூடேற்றும் கம்பிச் சுருளின் குழாய்மீது ஏடு ஏடாக ஏறுகிறது. இந்த ஏடு உஷ்ணத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே நீர் காயத் தாமதமாகிறது. குழாயோ அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிப்புக் காண்கிறது. அவ்வெடிப்பின் வழியே மின்சாரம் நீரில் பாயலாம். எர்த் இணைப்பும் சீர்கெட்டிருந்தால், குழாயைத் திருகும் ஈரக்கையே அதற்கு வழியாகிவிடும்.

உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு காப்புக் கருவியும், அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்ற ஒரு வால்வும் அமைந்திருக்கின்றன. நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும் என்பதை நினைத்தால் அந்தச் சிறு வால்வின் அருமை விளங்கும். நீர் காயும்போது அதிலிருந்து சொட்டுவது இயல்பு. ஒழுகுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிடுவோர், சுவரில் ஒரு வெடிகுண்டை மாட்டி வைப்பவராவர். தொட்டியினுள் இருக்கும் மக்னீசியத் தண்டு வேறொரு காவலன். அது தான் அரிபட்டு இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. ஓர் உலோகத்தைப் பலி கொடுத்து மற்றொன்றைக் காக்கும் இந்த உபாயத்தைக் கப்பல்களின் செப்புத் தகட்டுக்காக ஹம்ப்ரி டேவி 1824-ல் வெளியிட்டார். தண்டு கரைந்து தீர்ந்த பின் தொட்டியே அரிபடத் தொடங்கும்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிரம்பி, இடையில் காலியாகக் கிடக்கும் விடுதி அறைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹோட்டலொன்றில் கூடியவர்களிடையே பரவிய கொடிய நுரையீரல் ஜுரத்துக்கு லெஜியோனெல்லா என்னும் கிருமியே காரணமென்று பின்னர் கண்டார்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீர் அக்கிருமிக்கு உகந்தது. 60 டிகிரி உஷ்ணத்தில் அது மடிகிறது. ஆகையால் நெடுநாள் கிடந்த நீரை வெளியேற்றி, புது நீரை அந்த அளவுக்குக் காய்ச்சுவது நலம். அந்தச் சூடு சில வினாடிகளில் தோலைப் பொசுக்கும். வாளியில் முதலில் தண்ணீரும் பிறகு வெந்நீருமாக விடும் பழக்கத்தைக் குழந்தைகளுள்ள வீட்டார் கைவிடலாகாது.

செய்ய வேண்டியவை சொற்பமே. ஐப்பசியில் ஒரு முறை, தேர்ந்த மின் தொழிலாளியைக் கொண்டு தொட்டியைத் திறந்து படிவை நீக்கி, தண்டு, வால்வு, தெர்மோஸ்டாட், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்கச் செய்யலாம். உப்பு நீர் மிகுந்த இடங்களில் இதை ஆண்டுக்கு இரு முறை செய்வது உசிதம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்க எவராலும் இயலும். குளிக்கப் புகுமுன் சுவிட்சை அணைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

கையில் காசில்லை என்பார் உளர். வாடகை வீட்டில் நமக்கென்ன என்பாரும் உளர். யந்திரம் வீட்டுக்காரருடையதாயினும் குளிப்பது குடியிருப்பவரின் குழந்தை. பரிசோதனைச் செலவை வீட்டுக்காரர் ஏற்பதே நியாயம். விடுதிகளின் விஷயம் இதினும் பெரிது. அண்ணாமலையாரை நம்பி வந்த யாத்ரிகர், அறையிலிருக்கும் யந்திரத்தின் நிலையை அறிய மாட்டார். விடுதிக்காரரின் நாணயத்தை நம்பியே குழாயைத் திறக்கிறார். ஆதலால் விடுதிகளின் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது வெந்நீர் யந்திரங்களின் வருடாந்தரப் பரிசோதனைச் சான்றையும் கேட்டுப் பெறுமாறு திருவண்ணாமலை மாநகராட்சியை வற்புறுத்துகிறோம். தொழிற் பயிற்சி நிலையங்களில் பயிலும் வாலிபர்களுக்கு இவ்வேலையில் தனிப் பயிற்சி அளித்தால், ஊருக்குக் காப்பும் அவர்களுக்குப் பிழைப்பும் ஒருங்கே கிட்டும்.

தேசம் யந்திரங்களால் முன்னேற வேண்டுமென்று பேசுகிறோம். வாங்குவதில் காட்டும் உற்சாகத்தைப் பராமரிப்பதிலும் காட்டினாலன்றி அந்த முன்னேற்றம் நிலைக்காது. மலையுச்சியில் தீபம் ஏறுமுன், ஊரிலுள்ள ஒவ்வொரு வெந்நீர் யந்திரமும் ஒரு முறை திறந்து பார்க்கப்படுமாக.