டீச்சருக்குப் பாடம் நடத்துவது யார்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூடம். நர்சரி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்று தினுசு தினுசாகப் போர்டு தொங்குகிறது. சேர்க்கை நேரத்தில் பெற்றோர்கள் பீஸ் எவ்வளவு, வேன் வருமா, ஏ.சி. வகுப்பு உண்டா என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். மொழிப்பாடம் நடத்தும் டீச்சர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்பவர் உண்டா? நூற்றில் ஒருவர் கேட்டால் அதிசயம்!

கேட்டால், "நல்லாப் பேசுவாங்க சார்" என்று பதில் வரும். பேசத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு. நன்றாகச் சாப்பிடத் தெரிந்தவர் எல்லாம் சமையல்காரர் ஆகிவிட முடியுமா?

2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. பிறகு சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் நம் புறநகர் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பது யார்? ஒரு பிள்ளை வீட்டில் தெலுங்கு. பக்கத்துப் பிள்ளை வீட்டில் மலையாளம். கட்டிட வேலைக்கு வந்தவர் பிள்ளைக்கு இந்தி அல்லது ஒடியா. இவர்களுக்குத் தமிழ் இரண்டாவது மொழி, சிலருக்கு மூன்றாவது. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு நடத்துவதுபோல் இவர்களுக்கும் நடத்தினால் எப்படி ஏறும்?

சின்ன உதாரணம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இன்னொரு ந. பிள்ளை குழம்புகிறது. பயிற்சி இல்லாத டீச்சர் என்ன செய்கிறார்? "அம்பது தடவை எழுதிட்டு வா!" பயிற்சி உள்ளவர் போர்டில் மூன்று சொல் எழுதுகிறார்: வண்டு, கன்று, பந்து. ட பக்கத்தில் வருவது ண, ற பக்கத்தில் வருவது ன, த பக்கத்தில் வருவது ந. அதனால்தான் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயர். இரண்டு நிமிஷ வேலை! ல, ள, ழ-வும் அப்படித்தான். நாக்கு பல்லடியைத் தொட்டால் ல, மடிந்து அண்ணத்தைத் தொட்டால் ள, மடிந்தும் தொடாமல் நின்றால் ழ. இதை யாராவது செய்து காட்டினால்தானே பிள்ளைக்குத் தெரியும்?

பயிற்சிக்கு ஊரில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறுங்கள். சைதாப்பேட்டையில் 1856-ல் தோன்றிய ஆசிரியர் கல்லூரி. மாம்பலத்தில் இறங்கினால் தி.நகரில் 1918-ல் காந்தி தொடங்கிய இந்தி பிரசார சபா. நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ், ஜெர்மனுக்கு மாக்ஸ்முல்லர் பவன். ஒரே லைனில் எல்லாம்! ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமே நம் தென்பக்கம் காரப்பாக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாலை நாலு மணிக்கு வகுப்பு முடித்து, நோட்டுத் திருத்தி, வீட்டுக்கு ஓடி உலை வைக்கும் டீச்சர் எந்த ரெயிலைப் பிடிப்பது?

இந்தி சபா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை. 1965-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் பிராத்மிக்கில் ஆரம்பித்து பிரவீண் வரை படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் பாடம் நடத்தும் மாமிக்குக்கூட அடுத்த படி எது என்று தெரியும். தமிழுக்கு அப்படி ஒரு ஏணி தெருத்தெருவாக உண்டா?

அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1959-ல் அன்றைய சென்னை ராஜ்யத்தில் ஆரம்ப வகுப்பு இங்கிலீஷ் ஆசிரியர்கள் 27 ஆயிரம் பேருக்கு மறுபயிற்சி தரக் கிளம்பினார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலும் கைகொடுத்தது. கொஞ்சம் பேருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஏற்பாடு. அதற்கு வைத்த பெயர் 'பனி உருண்டை'. மெட்ராஸ் வெயிலில் பனி உருண்டை! இந்த மாதிரி ஏற்பாட்டில் கைக்குக் கை மாறும்போது பாலில் தண்ணீர் சேரும். கடைசி டீச்சரிடம் வந்து சேருவது நோட்டுக் குறிப்பு மட்டும்தான்.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய சோதனை வேறு ரகம். பெங்களூர், சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, ரெயில் டைம்டேபிள் மாதிரி விஷயத்தைக் கொடுத்துக் கணக்குப்போடச் சொன்னார்கள். வேலையைச் செய்கிற சாக்கில் பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்தது. ஆள் குறைவு, ஆனால் நிஜ வகுப்பறையில் நடந்த வேலை.

இப்போது 'டெட்' பயம். ஓய்வுபெற 5 வருஷத்துக்கு மேல் பாக்கி உள்ள, எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்கள் 2 வருஷத்துக்குள் பாஸ் செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 150 கேள்வி, சரியான விடையைக் குறிக்க வேண்டும். சரி, குறிக்கட்டும். ழகரம் நாக்கில் வருகிறதா, கடைசி பெஞ்சுப் பிள்ளை வாசிக்கிறதா என்று அந்தத் தாளில் எப்படிப் பார்ப்பது?

பிரெஞ்சு டீச்சர் கதை இன்னும் வேடிக்கை. மார்க் விழும் என்று பெற்றோர் பிரெஞ்சு எடுக்க வைக்கிறார்கள். தானே இரண்டு பரீட்சை எழுதிய கையோடு ஒருவர் வகுப்புக்குள் வந்து நிற்கிறார். பிள்ளை 95 மார்க் வாங்குகிறது. பாண்டிச்சேரியில் வழி கேட்கச் சொன்னால் விழிக்கிறது!

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ரோடு, சாக்கடை பற்றிக் கேட்கிறோம், இதையும் கேட்போம். சனிக்கிழமை பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்றைக் கல்வித்துறை திறந்துவிடட்டும். அனுபவப்பட்ட தமிழாசிரியர் பத்துப் பேர், ஓய்வுபெற்றவர்களாக இருந்தாலும் சரி, முன்னால் உட்காரட்டும். இளம் டீச்சர் ஒருவர் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தட்டும், மற்றவர்கள் பார்த்துக் குறை சொல்லட்டும். போய்வருகிற டீச்சருக்கு அந்த நாள் சம்பளத்தைத் தனியார் நிர்வாகம் பிடிக்கக்கூடாது. பஸ் செலவையும் நிர்வாகமே கொடுக்க வேண்டும்.