அரும்பிலேயே தமிழ் வேண்டும்!

ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் வேளையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் கையில் பதிவேட்டுடன் தெருத்தெருவாய் நடக்கின்றார். ஐந்து அகவை நிரம்பிய பிள்ளை எவ்வீட்டில் உண்டென வினவுகின்றார். வீட்டுக்கு வீடு அவர்க்குக் கிடைக்கும் விடை ஒன்றே: “பிள்ளை ஈராண்டாகவே வண்டியேறிப் போகின்றானே, ஐயா!”

மூன்றாம் அகவையிலேயே போய்விட்ட பிள்ளைக்காக, ஐந்தாம் அகவையில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் பள்ளி எங்ஙனம் வாழும்? பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் ஐந்து வகுப்பும் இருவர் முன்னோ ஒருவர் முன்னோ ஒருசேர அமரும். அதனைக் கண்டு, எஞ்சிய பெற்றோரும் அஞ்சித் தம் பிள்ளைகளை விலக்குவர். இறுதியில், அண்மைப் பள்ளியோடு இணைக்கப்பட்டதென ஓர் ஆணை வரும். கட்டடத்தில் பூட்டுத் தொங்கும். 1954 முதல் 1963 வரை காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் எழுந்த பள்ளிகள் பலவற்றின் நிலை இன்று இதுவே.

நோய் முதல் வகுப்பில் தோன்றவில்லை. அதற்கு முன்னுள்ள ஈராண்டில் தோன்றுகின்றது. ஆகலின் மருந்தும் அவ்விடத்தேதான் இடப்படல் வேண்டும். அரசுத் தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றிலும் ஈராண்டு மழலை வகுப்புத் தொடங்கப்படல் வேண்டும். அவ்வகுப்பு முற்றுந் தமிழிலேயே நடைபெறல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்றை விடுத்து மற்றொன்றைச் செய்தல், அடியில் ஓட்டையுள்ள குடத்தில் நீர் முகத்தலை ஒக்கும்.

மழலைக்கு நேரும் கொடுமை

மூன்றகவைக் குழந்தை என்பது யார்? தாயின் முந்தானையை இப்போதுதான் விட்டது; சொற்களைக் கோத்துத் தொடராக்கும் இன்பத்தை இப்போதுதான் கண்டது. ‘அது ஏன்? இது ஏன்?’ என்று காண்பாரையெல்லாம் வினவி ஓயாதது. அதனை ஓர் அறையில் அமர்த்தி, ‘இனி நீ அறிந்த மொழியிற் பேசாதே’ என்கின்றனர். சிறுநீர் கழிக்கச் செல்லவும் அயன்மொழித் தொடர் ஒன்றை உருப்போட்டு ஒப்பித்தல் வேண்டுமாம்! அத்தொடர் நாவில் வாராத குழந்தை உடையை நனைத்துக்கொண்டு நாணி நிற்கின்றது. இதனைக் கல்வி என்று சொல்லிப் பணமும் பெறுகின்றனர். பெற்றோரும் கடன்பட்டுக் கொடுக்கின்றனர்.

இழப்பு இதனோடு நிற்பதன்று. தாயின் உடன்பிறந்தாள் வேறு, தந்தையின் உடன்பிறந்தாள் வேறு என்பதைத் தமிழ்க் குழந்தை எவரும் கற்பியாமலே உணரும். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி என்னும் சொற்கள் வெறும் விளிகள் அல்ல; உறவின் வகையறியும் முதற்பாடம். ஆங்கில மழலை வகுப்பிலோ நால்வரும் ஒரே ‘ஆன்ட்டி’ ஆகிவிடுகின்றனர். நான்கு கண்ணுடைய அறிவை ஒற்றைக்கண் ஆக்குவதுதான் முன்னேற்றமா? லகர, ளகர, ழகரங்களும் ணகர, னகரங்களும் நாவிற் படியும் அகவை இது. அவ்வகவையில் நாவை அயலொலிக்கு ஒப்படைத்துவிட்டுப் பின்னாளில், ‘பிள்ளைக்கு ழகரம் வரவில்லையே’ என்று வருந்துவதிற் பொருளில்லை.

முன்னோடிகள் காட்டிய வழி

மழலைப் பள்ளி என்பதே ஆங்கிலேயன் தந்த கொடை எனப் பலர் மயங்குகின்றனர். செருமானியராகிய பிரீட்ரிக்கு பிரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் சிற்றூரில் அதனைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘குழந்தைத் தோட்டம்’ எனத் தம் மொழியிலேயே பெயரிட்டார். தாயர் குழந்தைகளோடு பாடியாடும் பாட்டுகளைத் தொகுத்து 1844-இல் நூலாக்கினார். விளையாட்டும் பாட்டும் கைவினையும் தோட்டவேலையுமே அவர் வகுத்த பாடம். தாயின் மொழியே வாயில். அத்தகைய வகுப்பின் ஆற்றலை ஆட்சியாளர் நன்குணர்ந்திருந்தனர். 1851-இல் பிரசிய அரசு குழந்தைத் தோட்டங்களுக்குத் தடை விதித்தது. 1860-இல்தான் அத்தடை நீங்கிற்று. ஓர் அரசே அஞ்சுமளவு வலிவுடையது மழலை வகுப்பு!

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து தங்கி ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். கையால் தொட்டும் எடுத்தும் அடுக்கியும் குழந்தை தானே கற்றல் வேண்டும் என்பது அவர் நெறி. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, உள்ளே பிஞ்சு விரல்களில் எழுதுகோலைத் திணித்து, பக்கம் பக்கமாய் எழுதவைக்கும் கடைகள் எத்தனை!

தமிழர்க்கோ இது புதிதும் அன்று. தாலும் சப்பாணியும் அம்புலியும் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் எனக் குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கி, அதற்கென ஓர் இலக்கிய வகையையே படைத்த மொழி தமிழ். தாலாட்டால் செவியும், சப்பாணியால் கையும் பழகும். அம்புலியை அழைக்கையில் கண்ணும் கற்பனையும் விரியும். சிற்றில் இழைத்தலில் கைவினையும், சிறுபறை முழக்கலில் தாளமும் அமையும். பெண்பிள்ளைகளின் கழங்கும் பல்லாங்குழியும் எண்ணறிவைக் கையாலேயே ஊட்டும். இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி ஈராண்டுப் பாடமாக அமைத்தால், அதனின் மேம்பட்ட மழலைக் கல்வி எந்நாட்டிலிருந்து இறக்குமதியாதல் வேண்டும்?

மொழியை மீட்ட கூடுகள்

மழலை வகுப்பால் மொழி அழியவும் கூடும், மீளவும் கூடும். இதற்கு உலகம் தரும் சான்றுகள் தெளிவானவை. வேல்சு நாட்டில் தம் மொழி தேய்வது கண்டோர் 1971-இல் மழலைப் பள்ளிகளுக்கென ஓர் இயக்கமே தொடங்கினர். பிரான்சின் பிரித்தானி நிலப்பகுதியில் பிரெத்தோன் மொழியினர் 1977-இல் ஒரு சில குழந்தைகளோடு ‘திவான்’ என்னும் பள்ளியைத் திறந்தனர். அச்சொல்லுக்கு முளை என்று பொருள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் ‘மொழிக்கூடு’ எனப் பெயரிட்டு மழலைக் கூடங்களைத் தொடங்கினர். இடைத்தலைமுறை மொழியை இழந்துவிட்டமையால், பாட்டன் பாட்டியரே அங்கு வந்தமர்ந்து பெயரக் குழந்தைகளோடு மாவோரி மொழியிற் பேசினர். அவாயித் தீவினரும் 1984-இல் அவ்வழியே பின்பற்றினர்.

எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. இழந்த மொழியை மீட்க முயன்றோர் பல்கலைக்கழகத்தை மட்டும் நாடவில்லை. மூன்றகவைக் குழந்தையை நாடினர். கோடிக்கணக்கானோர் பேசும் மொழியைக் கையில் வைத்திருக்கும் தமிழரோ, அதே மூன்றகவைக் குழந்தையைக் கட்டணமுங் கட்டி அயன்மொழிக்கு ஒப்படைக்கின்றனர்!

அரசு செய்ததும் செய்யத் தவறியதும்

தமிழ்நாட்டரசு இத்துறையில் ஒன்றும் செய்யாதிருந்ததில்லை. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி நடுவங்களில் மழலை வகுப்புகள் தொடங்கப்பெற்றன. செயல் நன்று, செய்த வகை நன்றன்று. வகுப்புகளின் பெயரே ஆங்கில எழுத்துகள் மூன்று! பிள்ளை உண்ணும் இடத்துக்கு இந்திப் பெயர். படிக்கும் வகுப்புக்கு ஆங்கிலப் பெயர். தமிழ்நாட்டரசின் கூரைக்குக் கீழே தமிழுக்கு எவ்விடம்? ஆசிரியரைப் புதிதாய் அமர்த்தாமல், தொடக்கப்பள்ளி ஆசிரியரையே பெயர்த்து அனுப்பினர். 2022-இல் அவர்களை மீளப் பெற்றபோது வகுப்புகளே நின்றுவிடுமோ என்னும் நிலை எழுந்தது. எதிர்ப்பு வலுத்தபின் வகுப்புகள் தொடரும் என அறிவித்து, திங்களுக்கு 5,000 உருபா தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியரை அமர்த்தினர். நாட்டின் அடித்தளத்தை இடுபவர்க்குக் கொடுக்கும் மதிப்பு இதுதானா?

மற்றொரு முரணும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கச் சொல்கின்றது. அவர்தம் கட்டணத்தை அரசு தரும் என்கின்றது. தமிழ்நாட்டில் அச்சேர்க்கை பெரும்பாலும் மழலை வகுப்பிலேயே நடந்து வந்துள்ளது. ஏழைப் பிள்ளையை அரசுப் பள்ளியினின்று பிரித்து ஆங்கில மழலை வகுப்புக்கு அனுப்ப அரசுப் பணமே வழிச்செலவாகின்றது! அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மூன்று முதல் ஆறகவைக் குழந்தைகட்கு அரசே முன்தொடக்கக் கல்வி அளிக்க ஏற்பாடு செய்யலாம் என்கின்றது. 29-ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. பணம் பறிக்கும் பிரிவு விரைந்து நடைமுறைக்கு வந்தது. மொழி காக்கும் பிரிவு ஏட்டில் உறங்குகின்றது.

தடை சொல்வார்க்கு விடை

‘பெற்றோர் ஆங்கிலத்தை விரும்புகின்றனரே, அரசு என் செய்யும்?’ என்பார் சிலர். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழி வகுப்புகள் திறக்கப்பெற்றன. பிள்ளைகள் தனியாரிடம் போவது நின்றதா? நிற்கவில்லை. பெற்றோர் நாடுவது, மூன்றகவையில் பிள்ளையைக் காக்க ஓர் இடம், அன்பான ஓர் ஆசிரியை, தூய்மையான கழிப்பிடம், நடந்து செல்லும் தொலைவு ஆகியவற்றையும்தான். இவையெல்லாம் தனியாரிடம் ஆங்கிலத்தோடு ஒட்டிக் கிடைப்பதால் ஆங்கிலமே அவற்றைத் தந்ததென மயங்குகின்றனர். ஆங்கிலத்தை ஒரு மொழியாகப் பின்னர்ப் பயில்வதை எவரும் தடுக்கவில்லை; வேரூன்றிய செடிக்கே ஒட்டுக்கட்டுவர், முளைக்கு ஒட்டுக்கட்டுவாரில்லை.

‘அங்கன்வாடி 1975 முதலே உள்ளதே, வேறு வகுப்பு எதற்கு?’ என்பார் சிலர். அங்குள்ள பணியாளர் குழந்தைகளுக்கு உணவூட்டல், எடை பார்த்தல், கருவுற்ற மகளிரைப் பேணல், கணக்கெழுதல் எனப் பல சுமைகளைத் தாங்குகின்றார். அவர்மேல் ஆசிரியப் பணியையும் ஏற்றுதல் முறையன்று. உணவு அங்கும் கல்வி இங்கும் என இரண்டையும் ஒரே வளாகத்தில் இணைத்தல் எளிது.

‘சட்டம் இடந்தருமா?’ என்பார்க்கும் விடையுண்டு. 1999-இல் தமிழறிஞர்கள் உண்ணாநோன்பிருந்து போராடியதன்பின், ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியென அரசாணை வந்தது. 2000-இல் உயர்மன்றம் அதனை நீக்கிற்று. 2014-இல் உச்சமன்றம் கருநாடக வழக்கில், தாய்மொழிவழியைப் பள்ளிகள்மேல் அரசு சுமத்தலாகாது என்றது. ஆயின், அரசு தன் பணத்தில், தன் பள்ளியில், தன் மக்கள் மொழியில் மழலை வகுப்புத் திறப்பதை எம்மன்றமும் தடுக்கவில்லை. தடையில்லாத அவ்வாயிலை அடைத்து வைத்திருப்பது மன்றமன்று, அரசின் மனமின்மையே.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் இரு வகுப்புகள்: அரும்பு, மொட்டு. ஒவ்வொன்றுக்கும் நிலையான ஊதியமும் மழலைக்கல்விப் பயிற்சியும் உடைய ஆசிரியை ஒருவர், துணையாக ஓர் ஆயா. தாழ்ந்த கழிப்பிடம், நிழல், மணல், தோட்டம். எழுத்துத் திணிப்பில்லாப் பாடம். கிழமைக்கு ஒரு நாள் ஊர்ப் பாட்டியர் வந்து கதை சொல்லல். இவற்றுள் எதுவும் அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

தமிழன்பர் வாளாவிருத்தல் ஆகாது. ‘கிராம சபை’ என வழங்கும் ஊரவை ஆண்டுக்குப் பன்முறை கூடுகின்றது. அங்கு எழுந்து, ‘எம்மூர்ப் பள்ளிக்குத் தமிழ் மழலை வகுப்பு வேண்டும்’ என முடிவு நிறைவேற்றுவிக்க! பெற்றோர் பெரும்பான்மையாய் அமர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் அதனையே வலியுறுத்துக! மூன்றகவைப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைத் திரட்டி வட்டாரக் கல்வி அலுவலர் கையிற் சேர்ப்பிக்க! எல்லாவற்றுக்கும் முன்னதாக, மேடையில் தமிழ் முழங்கி வீட்டுப் பிள்ளையை ஆங்கில வண்டியில் ஏற்றும் இரட்டை வாழ்வை இன்றே ஒழிக்க! தம் பிள்ளையை ஊர்ப்பள்ளியில் சேர்க்கத் துணிந்தவன் கேட்கும் கேள்விக்கே அரசு செவிசாய்க்கும்.

கல்லூரியில் தமிழ், கோயிலில் தமிழ், ஆட்சியில் தமிழ் என்னும் முழக்கங்கள் யாவும் மெய்யாதல் வேண்டுமாயின், அவற்றைக் கேட்கவும் கேட்பிக்கவும் தமிழ் பேசும் ஒரு தலைமுறை வளர்தல் வேண்டும். அத்தலைமுறைக்கு இன்று அகவை மூன்று.