காட்டு விலைக்கு வயல் மருந்தா?

கேரளத்தின் ஆயுர்வேத மருந்து ஆலைகளை நடத்தும் பெரியோர்களுக்கும், வேளாண்மையையும் ஆயுஷையும் கவனிக்கும் மாநில அமைச்சர்களுக்கும்,

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். அப்பா மரச்சீனியும் வாழையும் வைத்த நிலத்தில் நான் செங்கொடுவேலி வைத்தேன். மலையாளத்தில் செத்திக்கொடுவேலி. உங்கள் மருந்துப் புட்டிகளில் சித்திரகம் என்று அச்சிடுகிறீர்களே, கேரளத்தில் அதற்குப் பெரும்பாலும் இதன் வேர்தான் போகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் செங்கொடுவேரியும் ஒன்று.

மலைப்பூவை வயலுக்கு இறக்குவது லேசான வேலை அல்ல. தண்டைத் துண்டாக்கி வேர்பிடிக்க வைத்து, உயர்த்திய பாத்தியில் நட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். எங்கள் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. இரண்டுக்கும் வடிகால் வெட்டிக் காத்திருக்க வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்தால் கதை மாறும். மண் இறுகும், வேர் பருக்காது. அப்போதிருந்து மோட்டார் ஓட வேண்டும். களை எடுப்பு தனி. இப்படி ஓராண்டுக்கு மேல் காத்துத் தோண்டும் வேரின் சாறு கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வைத்தியர்களே சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்க்கிறார்கள் என்றால், அதைத் தோண்டுகிறவர் பாட்டை நினைத்துப் பாருங்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள், கேட்பது நியாயம்.

நடவு நேரத்தில் வந்த கொள்முதல் ஏஜெண்டு ஒரு விலை சொன்னார். எழுதித் தரவில்லை; நானும் கேட்கவில்லை. வேர் தோண்டி, கழுவி, காயவைத்த பிறகு அதே ஆள் பாதி விலை சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “காட்டுச் சரக்கு இறங்கியிருக்கிறது.”

என் மனக்குறை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. காட்டில் முளைத்த வேருக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சவில்லை, களை பறிக்கவில்லை, குத்தகை கொடுக்கவில்லை, கரண்டு பில் கட்டவில்லை. பிடுங்கிச் சுமந்துவரும் கூலி மட்டுமே அதன் அடக்கம். அதையும் மலைவாசிகளுக்கு வஞ்சனையில்லாமல் கொடுப்பதில்லை. அந்த விலையைத்தான் வயலில் விளைந்ததற்கும் தருவேன் என்கிறீர்கள். வளர்த்தவனையும் பறித்தவனையும் ஒரே தராசில் நிறுத்தினால், வளர்த்தவன் தோற்காமல் என்ன செய்வான்?

நிலைமை எவ்வளவு பெரிது என்பது உங்கள் துறை ஏடுகளிலேயே இருக்கிறது. தேசிய மருத்துவத் தாவர வாரியம் 2000-ஆம் ஆண்டு அமைந்தது. 2014-15 கணக்குப்படி நாட்டின் மூலிகைத் தேவை ஏறத்தாழ 5,12,000 டன். ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பனையாகும் 242 தாவரங்களில் 173 காட்டிலிருந்து வருகின்றன; பயிரிட்டு வருபவை 54 மட்டும். வாரியமும் மானியமும் வந்த பிறகும் இந்தக் கணக்கு என்றால், நாற்றும் மானியமும் மட்டும் கொடுத்தால் பயிர் நிலைக்காது என்றுதானே பொருள்? விலை இல்லாத பயிரை மானியம் ஒரு போகத்துக்குத் தாங்கும். அடுத்த போகத்தில் அந்தப் பாத்தியில் ரப்பர் நிற்கும், அல்லது வீடு நிற்கும்.

அரசின் கண்ணிலும் நாங்கள் இல்லை. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்கும் 22 பயிர்களில் மூலிகை ஒன்றுகூட இல்லை. காட்டில் சேகரிக்கும் சிறு வனப்பொருள்களுக்காவது 2013-14 முதல் ஆதார விலைத் திட்டம் இருக்கிறது. மலைவாசிகளுக்கு அது முழுதாகப் போய்ச் சேர வேண்டும் என்பதும் என் வேண்டுகோளே. ஆனால் அதே மூலிகையை ஒருவன் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தால், அவனுக்கு ஏட்டில்கூட விலை இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1987-இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வுக்குழுவுக்கு அங்குள்ள பழங்குடியினரான காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக்கொடுத்தார்கள். பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தது. 1995-இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்து, அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டியது. ஆனால் மலையடிவாரத்தில் அந்தச் செடியை அவர்கள் பயிரிட முனைந்தபோது வனத்துறை இசையவில்லை. இலை வரத்து தடுமாறியது. வளர்ப்பதற்கு வழி இல்லை என்ற இந்த முடிச்சு அன்றே விழுந்துவிட்டது.

எல்லை தாண்டினாலும் இதே பாடுதான். தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். மாநில மலரான செங்காந்தள்தான் அது. காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்தாக அயல்நாடு போகிறது. அங்கும் விதை விலை வியாபாரி கையில். அரசே விலை நிர்ணயிக்க வேண்டும் என்று அந்த விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“வயல் மருந்துக்குக் காட்டு மருந்தின் வீரியம் வராது” என்று சொல்கிறீர்கள். சில செடிகளுக்கு அது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பாருங்கள். கொடுவேலியின் சத்தான பிளம்பஜின் எவ்வளவு என்று அளந்துவிடலாம். அளந்து குறைந்தால் விலையைக் குறையுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அளக்காமலே குறைப்பதை ஏற்க மாட்டேன்.

வழி இல்லாமல் இல்லை. 2020 நவம்பர் 1 முதல் இந்த மாநிலம் 16 காய்கனிகளுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை கொடுத்தது. மரச்சீனியும் நேந்திரனும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்:

முதலாவது, செங்கொடுவேலி, கச்சோலம், குறுந்தோட்டி, அடபதியன் போன்ற வயல் மூலிகைகளுக்கும் அதே முறையில் அடிப்படை விலை வையுங்கள்.

இரண்டாவது, நடவுக்கு முன்பே விலையும் அளவும் எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் எந்த ஆலையும் விவசாயியைப் பயிரிடச் சொல்லக் கூடாது. அரசு நிறுவனமான ஔஷதி இதில் முன்னே நின்று வழிகாட்டட்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு ஆலையும் ஆண்டுதோறும் வாங்கும் வேரில் காட்டுச் சரக்கு எவ்வளவு, வயல் சரக்கு எவ்வளவு என்பதை வெளியிட வேண்டும்.

நான்காவது, சோதனை முடிவின்படி விலை. அந்த முடிவின் நகல் விவசாயி கையில்.

என் பாத்தியில் இன்னும் ஒரு வரிசைக் கொடுவேலி நிற்கிறது. அடுத்த இடவப்பாதிக்கு முன் அதிலிருந்து தண்டு வெட்டி மீண்டும் நடுவதா, பிடுங்கிவிட்டு மரச்சீனி வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். எழுதிய விலை ஒன்றை முன்வையுங்கள், நடுகிறேன். இல்லையென்றால் எங்கள் வயலில் கிடைக்காத வேரை நீங்கள் அகத்தியமலையிலிருந்துதான் தோண்டி எடுப்பீர்கள். தோண்டத் தோண்ட அந்த மலையும் ஒரு நாள் கைவிரிக்கும்.

இப்படிக்கு,
நெய்யாற்றங்கரைத் தாலூகாவின் ஒரு மூலிகை விவசாயி