தூரம் மாறவில்லை, கட்டணம்தான் மாறுகிறது

புது தில்லி: மும்பை விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையிலான வான்வழி தூரம் ஏறத்தாழ 1,030 கிலோ மீட்டர். பயண நேரம் சுமார் இரண்டு மணி. ரயிலில் சென்றால் ஏறக்குறைய ஒரு நாள். தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளிலும், கடற்கழிக்கு அப்பால் சான்பாடாவிலும் வாழும் தமிழர்களுக்கு ஊரிலிருந்து துக்கச் செய்தி வரும்போது இந்த வித்தியாசமே பெரிதாகிறது. அதற்கான விலையை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப எழுகிறது.

விமானக் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை 1990-களின் தாராளமயத்துக்குப் பின் நிறுவனங்களிடம் சென்றது. அதன்பிறகு மத்திய அரசு இருமுறை நாடு தழுவிய உச்சவரம்பு விதித்தது. கரோனா காலத்தில், 2020 மே மாதம், பறக்கும் நேரத்தை அளவுகோலாகக் கொண்டு ஏழு பிரிவுகள் வகுக்கப்பட்டன. தில்லி - மும்பை மார்க்கத்தில் அதிகபட்சம் ரூ.10,000. இக்கட்டுப்பாடு 2022 ஆகஸ்ட் 31-ல் விலக்கப்பட்டது.

இரண்டாவது முறை, 2025 டிசம்பரில். விமானிகளின் புதிய பணிநேர விதிகளுக்கு இண்டிகோ நிறுவனம் உரிய முறையில் தயாராகாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கட்டணங்கள் பன்மடங்கு உயர்ந்தன. டிசம்பர் 6-ல் தூரத்தை அளவுகோலாகக் கொண்டு தற்காலிக வரம்பு அறிவிக்கப்பட்டது. 500 கி.மீ. வரை ரூ.7,500; 1,000 கி.மீ. வரை ரூ.12,000, 1,500 கி.மீ. வரை ரூ.15,000, அதற்கு மேல் ரூ.18,000. வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் தனி.

சென்னை - மும்பை மார்க்கம் ஏறத்தாழ 30 கி.மீ. கூடுதலாக இருப்பதாலேயே மூன்றாவது பிரிவில் சேர்ந்தது. தில்லி - மும்பையும் அதே பிரிவில்தான் இருந்தது. 2020-ல் பத்தாயிரமாக இருந்த வரம்பு, ஐந்தே ஆண்டுகளில் பதினைந்தாயிரமானது. கூலித் தொழிலாளிக்கு இது பாதுகாப்பு என்று சொல்வது கடினம்.

வழித்தடம் வாரியாக வரம்பு விதிப்பது குறித்து நாடாளுமன்ற நிலைக்குழு 2024-லேயே பரிந்துரைத்தது. ஆனால், ஆண்டு முழுவதும் கட்டணத்தைக் கட்டுப்படுத்த இயலாது என 2025 டிசம்பரில் மக்களவையில் அமைச்சர் ராம் மோகன் நாயுடு தெரிவித்தார். வரம்பு நிரந்தரமானால் நஷ்டம் தரும் மார்க்கங்களில் சேவை குறையும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

போட்டி கட்டணத்தைக் குறைக்கும் என்பது அரசின் நம்பிக்கை. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையம் இயங்குகிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் சான்பாடாவிலிருந்து அது சுமார் 10 கி.மீ.; பழைய நிலையம் 15 கி.மீ. வீட்டுக்கும் விமானத்துக்கும் இடையிலான நேரம் நிச்சயம் குறையும். ஆனால் இரு நிலையங்களும் அதானி குழுமத்தின் நிர்வாகத்தில். உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் விமானங்களில். போட்டி எங்கிருந்து வரும்?

எல்லா நாளும், எல்லா இருக்கைக்கும் வரம்பு தேவையில்லை. ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளை, கடைசி நேர அவசரப் பயணிகளுக்கு நிலையான கட்டணத்தில் ஒதுக்கினால் போதும். சாவும் நோயும் முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை.