வண்டிக் கொட்டகை: வெயிலில் தெரியும் சிலந்தி வலைக் கீறல்கள்

கேள்வி: ‘‘மாமனாரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வருவதற்காக, பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். கருநீல நிறம். எட்டு வருடம் ஓடிய வண்டி. இப்போது கிணற்றை ஆழப்படுத்தப் பணம் தேவைப்படுவதால் விற்க நினைக்கிறோம். பார்க்க வந்த புரோக்கர், வெயிலில் நிறுத்திக் காட்டி, ‘பெயிண்ட் செத்துப்போச்சு, முழுசா அடிக்கணும்’ என்று சொல்லி, பேசிய விலையில் 25,000 ரூபாயைக் குறைக்கிறார். வெயிலில் பார்த்தால் உண்மையிலேயே வண்டி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. தினமும் காலையில் துண்டால் துடைத்து வைத்தது என் மகன்தான். ‘என்னாலதான் விலை போச்சு’ என்று சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறான். பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டுமா? வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?’’
- ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: பெயிண்ட் அடிக்க வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது மேலோட்டமான கீறல்தான். பட்டறைக்காரர்கள் ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். இரண்டு நாள் வேலை, குறைந்த செலவில் வீட்டு நிழலிலேயே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். உங்கள் மகன் வண்டியைக் கெடுக்கவில்லை. பத்தில் ஒன்பது வீடுகளில் அப்படித்தான் துடைக்கிறோம்.

இன்னொரு விஷயம். முழு பெயிண்ட் அடித்தால் விலை ஏறும் என்று நினைக்காதீர்கள். வாங்க வருகிறவர், ‘எங்கேயோ அடிபட்ட வண்டி போலிருக்கிறது’ என்றுதான் சந்தேகப்படுவார். கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருப்பது பழைய வண்டிக்கு ஒரு மதிப்பு.

கீறல் எப்படி வருகிறது?

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே, நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். அதற்குக் ‘கிளியர் கோட்’ என்று பெயர். பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. வண்டிமேல் படியும் புழுதியில் பொடி மணல் இருக்கிறது. அது இந்தப் பூச்சைவிடக் கடினமானது. ஈரமில்லாமல் துண்டு போட்டுத் துடைக்கும்போது, அந்த மணலை நாமே பூச்சின்மேல் தேய்க்கிறோம். நெல் உமித் தூசியும் அதே வேலையைச் செய்யும்.

கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் இருக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனைச் சுற்றி வளையம் போட்டதுபோலத் தெரிகிறது. நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை வெயிலில் காட்டிப் பாருங்கள், அதிலும் இதே வளையம் தெரியும். கறுப்பு, கருநீல வண்டிகளில் பளிச்சென்று தெரியும். வெள்ளை வண்டியில் இருந்தாலும் கண்ணில் படாது.

முதலில் நகத்தால் பாருங்கள்

கீறல்மேல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால், பாலிஷில் போகும். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். முள்வேலி உரசியது, மாட்டுக் கொம்பு பட்டது எல்லாம் இந்த வகை. அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் கிளியர் கோட்டே போய்விடும். அந்த மாதிரி ஒன்றிரண்டு கீறல் இருந்தால் இருக்கட்டும். எட்டு வருட வண்டியில் அது இல்லாமல் இருக்காது.

வாங்க வேண்டியவை

கார் ஷாம்பு, நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, கையில் பிடித்துத் தேய்க்கும் ஃபோம் பேட் இரண்டு, மாஸ்கிங் டேப், பாலிஷ் ஒரு பாட்டில், வாக்ஸ் ஒரு டப்பா.

கடையில் மூன்று பொருளைக் காட்டுவார்கள். ‘ரப்பிங் காம்பவுண்ட்’ என்பது கரகரப்பு அதிகம் உள்ளது, உங்களுக்கு வேண்டாம். ‘பாலிஷ்’ என்பது மிக நைசான பொடி கலந்தது. மெல்லிய கீறலுக்கு இதுதான். ‘வாக்ஸ்’ என்பது கீறலை எடுக்காது, கடைசியில் மேலே பூசும் பாதுகாப்பு. ‘ஃபைன்’ அல்லது ‘ஃபினிஷிங்’ பாலிஷ் என்று கேட்டு வாங்குங்கள்.

செய்யும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறட்டும். முதலில் மோட்டார் தண்ணீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டுப் புழுதியைக் கரைத்து இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று இறங்கி, சேறு படும் அடிப்பகுதியைக் கடைசியில் கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி.

2. ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு, கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், தார்த் துளி, மரப்பிசின் போன்றவை ஒட்டியிருக்கின்றன. ‘க்ளே பார்’ என்று களிமண் போன்ற கட்டி கிடைக்கும். ஷாம்பு தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் அதை ஓட்டினால் அழுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மண் ஒட்டிய கட்டி புதிதாகக் கீறும்.

3. கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பாலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

4. முழு வண்டியிலும் இறங்காமல், பானெட்டில் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் மட்டும் சோதித்துப் பாருங்கள். ஃபோம் பேடில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு பாலிஷ் விட்டு, முதலில் மேலும் கீழுமாக, பிறகு இடமும் வலமுமாக, ஒரு கோட்டின்மேல் பாதி அடுத்த கோடு ஏறும்படி தேயுங்கள். சப்பாத்தி மாவு பிசையும் அளவு அழுத்தம் வேண்டாம். மேசை துடைக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். இரண்டு, மூன்று நிமிடத்தில் பாலிஷ் மெல்லிய படலமாகிவிடும். காயவிடாமல் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.

5. செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கீறல் குறைந்திருந்தால் அதே முறையில் வண்டி முழுக்கச் செய்யலாம். போதவில்லை என்றால் அதே இடத்தில் இன்னொரு முறை தேய்க்கலாம். சில பாலிஷ்களில் எண்ணெய் கலந்திருக்கும். அது கீறலை மறைத்துக் காட்டும், எடுத்திருக்காது. அதனால் சோதித்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, மறுபடியும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. எல்லா இடமும் முடிந்ததும் வாக்ஸை மிக மெல்லியதாகப் பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுத் துடைத்தெடுங்கள்.

பாலிஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தவறு வராது. வயலைச் சமப்படுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் பள்ளத்தில் மண்ணைக் கொட்டுவதில்லை. சுற்றியுள்ள மேட்டைச் சீவிப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கிளியர் கோட் கொஞ்சம் குறைகிறது. அதனால் மாதா மாதம் செய்கிற வேலை இல்லை இது. கதவு முனை, பானெட் மடிப்பு போன்ற கூர்மையான ஓரங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும், அங்கே அழுத்தாதீர்கள். நூறு சதவிகிதம் போக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். கையால் தேய்த்தே கண்ணுக்குத் தெரியும் அளவு மாறிவிடும்.

செய்யக் கூடாதவை

வெல்டிங் பட்டறையில் இருக்கும் கிரைண்டரில் கம்பளிப் பேட் மாட்டித் தேய்த்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுற்றும். சில நொடிகளில் பெயிண்டைக் கருக்கிவிடும்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைவதுபோலத் தெரியும். இரண்டு நாளில் புழுதி அப்பி, முன்பைவிட மோசமாகும். விற்கும்போது அப்படி மறைத்துக் காட்டுவது நமக்கும் அழகில்லை. பற்பசையிலும் நைசான பொடி இருப்பது உண்மைதான். ஆனால், அது பல்லுக்காகச் செய்தது. ஒரு வண்டி முழுக்கத் தேய்க்க அதை நம்ப வேண்டாம்.

இந்த வேலையை உங்கள் மகனையே செய்யச் சொல்லுங்கள். ஒரு பானெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரம் இல்லை. முடித்த பிறகு அதே வெயிலில் வண்டியை நிறுத்தி, அந்தப் புரோக்கரையும், கூடவே வேறு இருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். சர்வீஸ் செய்த ரசீதுகள், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒரே உறையில் கையில் இருக்கட்டும். ஒருவரே சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

கேள்வி: ‘‘சிவப்பு டிராக்டர் பானெட் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. பாலிஷ் போட்டால் துணியில் சிவப்பாக ஒட்டுகிறது. நிறுத்திவிடவா?’’
- ஒரு வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: பயப்பட வேண்டாம். உங்கள் டிராக்டரில் கிளியர் கோட் இல்லை, நிறப் பூச்சுதான் மேலே இருக்கிறது. வெயிலில் காய்ந்து செத்த மேல்தோல்தான் துணியில் வருகிறது. லேசாக ஒரு முறை தேய்த்து, அடியில் இருக்கும் நல்ல சிவப்பு தெரிந்ததும் நிறுத்தி வாக்ஸ் பூசுங்கள். அடியிலிருக்கும் பிரைமர் நிறம் எட்டிப்பார்த்தால் அந்த இடத்தை மேற்கொண்டு தொடாதீர்கள். ஆனால், கிளியர் கோட் உள்ள காரில் இதுபோல நிறம் துணியில் ஒட்டினால், அந்த இடத்தில் கிளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள். வண்டியைக் கொட்டகையிலோ மர நிழலிலோ நிறுத்தினால் நிறம் நீடிக்கும். ஆனால், பறவைகள் அடையும் மரமாக இருக்கக் கூடாது. எச்சம் பட்டால் அன்றைக்கே நனைத்து ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘‘போர் தண்ணீரில் கழுவினால் வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி நிற்கிறது. என்ன செய்யலாம்?’’
- ஒரு வாசகர், சேலம் மாவட்டம்.

பதில்: அது தண்ணீரிலுள்ள உப்பு. வெயிலில் கழுவி அப்படியே காயவிடுவதால் வருகிறது. காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே நிற்கும் புள்ளிக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, ஆறிய பெயிண்டின்மேல் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்த மழை நீர் இருந்தால், கடைசி அலசலை அதில் முடிப்பது நல்லது.